கோட்டுச் சரசரப்பு

அக்டோபர் 7, 1952. செவ்வாய்

ஒத்திகை. மறுபடியும் அதே சரசரப்பு.

எங்கள் டிவி நிகழ்ச்சியின் நகைச்சுவை ஜோடி லாத்ரப்பும் டூபினும். லாத்ரப் பின்னாலிருந்து டூபினின் கோட்டுக் காலரைப் பிடிக்கிறார். கம்பளி கசங்குகிற சத்தம், அவர்கள் தலைக்கு மேல் தொங்கும் மைக்கில் ஏறி, எலி காகிதம் கடிப்பது போல என் காதுக்குள் விழுகிறது. வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பவனுக்கும் அதேதான் விழும். ராணுவத்தில் சிக்னல் பிரிவு, அப்புறம் பஃபலோவில் ஒலிப் படிப்பு, அப்புறம் நியூயார்க். எல்லாம் ஒரு கோட்டு கசங்குவதை ஊர் முழுக்க ஒலிபரப்பத்தானா?

டூபினிடமே போய்க் கேட்டேன்.

"சார், அவரு உங்க காலரைப் புடிக்காம பேச முடியாதா? சத்தம் வருது."

"என் மாமியார்கிட்ட இருந்தும்தான் சத்தம் வருது. நான் யார்கிட்ட போய்ச் சொல்ல?"

"துணியையாவது மாத்தலாம். பருத்தி போட்டா..."

சிரிப்பு சட்டென்று போய்விட்டது அந்த உருண்டை முகத்திலிருந்து. "கோட்டும் மாறாது, புடியும் மாறாது. நீ போய் உன் மீட்டர் முள்ளைப் பாரு."

பார்க்கிறேன். இந்தச் சத்தத்தை ஒழிக்காமல் விடப்போவதில்லை.

அக்டோபர் 9. வியாழன்

நிகழ்ச்சி முடிந்தது. நேரடி ஒளிபரப்பு, பிசகினால் பிசகியதுதான். நன்றாகவே போயிற்று - சரசரப்பைத் தவிர.

இந்த இரண்டு பேரைப் பற்றி எனக்கு இன்னும் புரியவில்லை. நெட்டையான எம்மெட் லாத்ரப் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் கேள்வி கேட்பார். குட்டையான சோல் டூபின் தப்பும் தவறுமாகப் பதில் சொல்வார். கூட்டம் உருண்டு சிரிக்கும். இருபது வருடத்துக்கு மேல் ஊர் ஊராக இதே வேலை. மேடையில் அண்ணன் தம்பி மாதிரி. மேடையை விட்டு இறங்கினால் ஒரு வார்த்தை கிடையாது. ஆறு வருடமாகக் கிடையாதாம். காரணத்தை வசனப் பிரதி பார்த்துக்கொள்ளும் ஐரின் சொன்னாள்: போர் முடிந்ததும் டூபின் மட்டும் கலிபோர்னியா போய்த் தனியாக ஒரு படத்தில் நடித்தார். லாத்ரப்புக்கு அது தெரிந்ததே பத்திரிகை பார்த்துத்தான்.

"படம் ஓடல. டூபின் திரும்பி வந்தாரு. லாத்ரப் ஒண்ணும் கேக்கல. கோட்டை மாட்டிக்கிட்டு மேடைக்குப் போயிட்டாரு. அவ்ளோதான், ரே."

இன்றைக்கு மேடை ஓரத்தில் இருவரும் தோள் உரச நிற்கிறார்கள். நான் கம்பி சுருட்டிக்கொண்டிருக்கிறேன்.

டூபின் என்னிடம்: "அவன்கிட்ட சொல்லு, ரெண்டாவது கேள்வியை அவசரப்பட்டுக் கேக்குறான்னு."

லாத்ரப் என்னிடம்: "அவர் என்ன சொல்றாரு?"

திரும்பச் சொன்னேன்.

"அவர்கிட்ட சொல்லுங்க தம்பி, முதல் பதிலை அவர் மறந்துட்டாரு, நான் காப்பாத்தினேன்னு."

"உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு ஈ பறக்க இடம் இல்ல. நீங்களே சொல்லிக்கலாம்" என்றேன்.

இருவரும் ஒரே மாதிரி முறைத்தார்கள். அதிலாவது ஒற்றுமை.

அக்டோபர் 14. செவ்வாய்

ஜெயித்துவிட்டேன். தயாரிப்பாளர் பிளெட்சோவிடம் சரசரப்பைப் போட்டுக் காட்டினேன். முகம் சுளித்தார். இந்த வார நாடகம் தபால் நிலையம். லாத்ரப் கவுண்டருக்கு உள்ளே, டூபின் வெளியே. நடுவில் மரப்பலகை. கை எட்டாது.

டூபின் கத்தினார். பிளெட்சோ மசியவில்லை.

ஒத்திகையில் ஒலி சுத்தம். கண்ணாடி துடைத்த மாதிரி.

அக்டோபர் 16. வியாழன்

நாசம்.

முதல் பெரிய சிரிப்பு எழுந்தது. அது மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே லாத்ரப் அடுத்த கேள்வியைக் கேட்டார். அரங்கில் யாருக்கும் கேட்கவில்லை. சிரிப்பை மிதிப்பது என்பார்கள் இந்தத் தொழிலில். அதைவிடப் பெரிய பாவம் கிடையாது. நேரத்தைக் கையில் வைத்திருப்பவரே கேள்வி கேட்கிறவர்தான். சிரிப்பு உச்சிக்குப் போய் இறங்க ஆரம்பிக்கிற இடத்தில், ஆனால் தரையைத் தொடுவதற்கு முன்னால், அவர் பேச வேண்டும். அடுத்த சிரிப்பில் லாத்ரப் காத்திருந்தார். காத்திருந்தார். சிரிப்பு செத்து, குளிர்ந்து, யாரோ இருமி - அதுவரைக்கும் காத்திருந்தார். முன்வரிசையில் விளம்பரதாரரின் ஆட்கள், அந்த சோப்புத்தூள்காரர்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பிறகு டூபின் வசனப் பிரதியில் இல்லாத ஒன்றைச் செய்தார். பலகை மேல் ஏறி, உருண்டு, அந்தப் பக்கம் விழுந்து, எழுந்து, தன் முதுகை லாத்ரப்பின் கைக்குள் கொண்டுபோய் வைத்தார். கை காலரைப் பிடித்தது. சரசரப்பு வந்தது. அதற்குப் பிறகு ஒரு வார்த்தைகூடப் பிசகவில்லை.

முடிந்த பிறகு திரைக்குப் பின்னால் ஒரு விளக்குக் கம்பம் சாய்ந்து விழுந்தது. இடி மாதிரி சத்தம். எல்லாரும் துள்ளினோம். லாத்ரப் துள்ளவில்லை. எதிரே நின்ற ஐரினின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினார்.

காது.

அக்டோபர் 17. வெள்ளி

பிளெட்சோ கூப்பிட்டார்.

"நேத்து ரெண்டு இடத்துல சொதப்பல். யாரு? உன் மீட்டர் என்ன சொல்லுது?"

ஒப்பந்தம் புதுப்பிக்கிற நேரம் இது. சோப்புத்தூள்காரர்களுக்கு டூபின் போதும். பக்கத்தில் நிறுத்த ஒரு பாட்டுக்காரப் பெண்ணைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். "அந்த நெட்டையன் எதுக்குன்னு கேக்குறாங்கப்பா. சிரிப்பு பூராவும் குட்டையனுக்குத்தானே வருது?"

"மேடை ஸ்பீக்கர் தகராறு. அவருக்குக் கூட்டத்தோட சத்தம் சரியாப் போகல. என் தப்பு" என்றேன்.

ஒலி விஷயத்தில் நான் யாரிடமும் பொய் சொன்னது கிடையாது. ஏன் சொன்னேன்? அந்தக் கையை எடுக்க வைத்தவன் நான். சுத்தமான ஒலி கேட்டவன் நான். அதனால்.

"இன்னொரு தடவை நடந்தா அவரும் போவாரு, நீயும் போவ" என்றார் பிளெட்சோ. அதோடு விடவில்லை. நவம்பர் ஆறாம் தேதிக்கு விளம்பரதாரரின் யோசனையாம்: தொலைபேசி நாடகம். மேடையின் ஒரு கோடியில் லாத்ரப், மறு கோடியில் டூபின், ஆளுக்கு ஒரு போன்.

பிடிக்கக் காலரே இருக்காது.

சரி. அவர் கேட்கவில்லையென்றால் கேட்க வைக்க வேண்டும். இது என் வேலைதான்.

அக்டோபர் 18. சனி

விளக்கு வைத்தால் என்ன?

அக்டோபர் 21. செவ்வாய்

லாத்ரப்பின் ஒப்பனை அறைக்குப் போனேன். கதவைத் தட்டினேன், பிறகுதான் அது எவ்வளவு முட்டாள்தனம் என்று உறைத்தது. நேராக உள்ளே போய், அவர் எதிரில் நின்று சொன்னேன். "சார், உங்களுக்குக் காது கேக்கல."

"கொஞ்சம் உரக்கச் சொல்லுங்க தம்பி" என்றார். முகத்தில் சுருக்கமே இல்லை. கேலி என்று புரியவே நேரம் பிடித்தது.

இடது காது முழுக்கப் போய்விட்டது. வலது காதில் பக்கத்தில் நின்று பேசினால் விழுகிறது. கூட்டம் சிரிப்பது மட்டும், ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியாத ஒரே இரைச்சல். டாக்டர் காதுக்குள் இருக்கிற சின்ன எலும்பில் கோளாறு என்றாராம்.

"அப்ப இத்தனை நாள் எப்படிச் சமாளிச்சீங்க?"

வலது கையைத் தூக்கிக் காட்டினார். "சோல் சிரிப்பை அளந்துக்கிட்டே நிப்பான். இறங்குறப்ப மூச்சு இழுப்பான். முதுகு எழும்பும். கைக்குத் தெரியும். உடனே நான் கேட்ருவேன். அவன் அப்படி மூச்சு இழுக்குறது அவனுக்கே தெரியாது. பழக்கம்."

ஆக, நான் ஒழிக்கப் பார்த்த எலிச் சத்தம் அதுதான்.

"சோலுக்குத் தெரியக் கூடாது" என்றார் கடைசியில். "எனக்காக இரக்கப்பட்டு அவன் ஒரு வசனம் மெதுவாப் பேசினாலும் அன்னைக்கே நான் போயிருவேன்."

ஒப்புக்கொண்டேன்.

அக்டோபர் 24. வெள்ளி

விளக்கு தயார். அரங்கு மைக்கோடு இணைத்து, கேமராவுக்குக் கீழே ஒளித்து வைத்தேன். சிரிப்பு ஏறினால் எரியும், இறங்கினால் அணையும். அணைந்ததும் பேச வேண்டும். மேடை ஆட்களை உட்கார வைத்துச் சிரிக்கச் சொன்னேன்.

விளக்கு சரியாக வேலை செய்தது. நாடகம் பிணமாகிவிட்டது. நீளமாக இழுக்கிற சிரிப்பும், பட்டென்று வெடித்து ஓய்கிற சிரிப்பும் விளக்குக்கு ஒன்றுதான். லாத்ரப் பச்சை விளக்குக்கு நிற்கிற லாரிக்காரர் மாதிரி நின்றார்.

"நல்ல விளக்கு தம்பி. மேசை மேல வெச்சுக்குங்க, படிக்க உதவும்" என்றார்.

அக்டோபர் 28. செவ்வாய்

டூபின் நடைவழியில் என் கையைப் பிடித்துத் தன் அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினார். மேசையில் பாதி தின்ற பாஸ்ட்ராமி இறைச்சி சாண்ட்விச். கடுகு வாசனை.

"அது என்னடா விளக்கு?"

"மின்சார விஷயம் சார்."

"நான் முட்டாளா நடிக்கிறவன்டா. நிசமாவே முட்டாள்னு நெனச்சியா? அவனுக்குக் காது போச்சு. எனக்குத் தெரியும்."

உட்கார்ந்துவிட்டேன்.

"போன வருஷம் பிலடெல்பியாவுல வசனம் மறந்துட்டேன். எத்தனையோ தடவை மறந்திருக்கேன். உதட்டை அசைக்காம, அவனுக்கு மட்டும் கேக்குற மாதிரி ஒரு 'ம்ம்' போடுவேன். உடனே எடுத்துக் குடுப்பான். சண்டை போட்ட பிறகும் குடுத்தான், அதுல குறை வெச்சதில்ல. அன்னைக்குச் சும்மா நின்னான். மறுநாளே எழுதுறவங்களைக் கூப்பிட்டு நாடகம் எல்லாத்தையும் மாத்தினேன். தையக்காரன், முடிவெட்டுறவன், போலீஸ்காரன், பல் டாக்டர். எல்லாத்துலயும் அவன் என்னைப் புடிச்சுக்கிட்டுத்தான் இருப்பான். அப்புறம் பஃபலோவுல இருந்து ஒரு படிச்சவன் வந்தான், கோட்டு சத்தம் போடுதாம்."

"அந்த மூச்சு - தெரிஞ்சேதான் இழுக்குறீங்களா?"

"பின்ன? எனக்கென்ன ஆஸ்துமாவா?"

"அவர்கிட்ட பேசுங்களேன் சார்."

"பேசினா? பாரமா இருக்கேன்னு கிளம்பிருவான். அவன் திமிர் உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்ங்கறது அவனுக்குத் தெரியக் கூடாது, ஆமா." சாண்ட்விச்சை எடுத்தார், வைத்தார். "அதோட, ஆறு வருஷம் கழிச்சு முத வார்த்தைன்னு என்னத்தைச் சொல்றது? இன்னைக்கு மழை வரும்னா?"

ஆக, டூபினுக்குத் தெரியும் என்பது லாத்ரப்புக்குத் தெரியக் கூடாது. லாத்ரப்புக்குக் கேட்காது என்பது டூபினுக்குத் தெரியக் கூடாது. இரண்டையும் சுமப்பது நான். எனக்கு வாயை மூடிக்கொண்டு இருக்க வராது என்று ஊருக்கே தெரியும்.

மூடிக்கொள்கிறேன். நவம்பர் ஆறு வரைக்கும்.

அக்டோபர் 31. வெள்ளி

நாடகத்துக்கு வந்திருக்கும் இரண்டு பொய்ப் போன்களையும் பிரித்தேன். உள்ளே ஒன்றும் இல்லை, வெறும் ஓடு. லாத்ரப்பின் போனுக்குள் நிஜமான ரிசீவரை வைத்து, ஆம்ப்ளிஃபயர் வழியாக அரங்கு மைக்கின் சத்தத்தை அனுப்பினேன். போன வார ஒலிநாடாவிலிருந்து சிரிப்பை ஓட்டிக் காட்டினேன்.

"ரயில் வருது" என்றார்.

குறைத்தேன். "இப்ப தூரத்துல வருது."

கெட்டுப்போன காதுக்கு உரக்கக் கொடுத்தால் உரக்கக் கெட்டதாகத்தான் கேட்கும். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம், பேய்த் திருநாள் வழக்கப்படி முகமூடி போட்ட பிள்ளைகள் மிட்டாய் கேட்டார்கள். கையில் கம்பிதான் இருந்தது. ஒருவனுக்கு ஒரு துண்டு கொடுத்தேன். சந்தோஷமாக வாங்கிக்கொண்டான்.

நவம்பர் 2. ஞாயிறு

பழைய நாடாக்களை எல்லாம் உட்கார்ந்து கேட்டேன். இத்தனை நாள் சரசரப்பை வெட்டி எறிவதற்காகக் கேட்டேன். இன்றைக்குச் சரசரப்பை மட்டும் கேட்டேன்.

ஒவ்வொரு சிரிப்புக்கும் வேறு இடத்தில் வருகிறது. பெரிய சிரிப்பில் தாமதமாக. ஒரு பெண் மட்டும் நிறுத்த முடியாமல் கிக்கிக்கென்று தொடர்கிற இடத்தில், அவளுக்காகவே கொஞ்சம் பொறுத்து. எந்த விளக்கும் இதைச் செய்யாது. நான் செய்தாலும் வராது.

லாத்ரப்புக்குக் கூட்டம் தேவையே இல்லை. டூபின்தான் தேவை.

அரங்கு மைக்கை எதற்குக் கட்டி அழுகிறேன்? டூபினின் போனுக்குள், வாய் வைக்கிற இடத்தில் ஒரு மைக். அதிலிருந்து நேராக லாத்ரப்பின் காதுக்கு ஒரு கம்பி. என் ஹெட்போனைத் தவிர வேறெங்கும் போகாது. அவ்வளவுதானே!

நவம்பர் 4. செவ்வாய்

ஓட்டுப் போட்டேன். நீண்ட வரிசை. நின்றபடியே ஆம்ப்ளிஃபயர் கணக்கை முடித்தேன்.

நவம்பர் 5. புதன்

கடைசி ஒத்திகை. டூபினிடம் மட்டும் சொல்லி வைத்தேன்: "போன்ல வாய் ஒட்டி மூச்சு விடுங்க."

"அவனுக்குத் தெரிஞ்சிராதா?"

"லைன் இரைச்சல்னு சொல்லிக்கிறேன்."

முதலில் லாத்ரப் தடுமாறினார். போனைக் காதில் அழுத்தினார், நகர்த்தினார், கடைசியில் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்து அழுத்தினார். எலும்பு வழியாகவும் சத்தம் உள்ளே போகும். அப்படியே அசையாமல் நின்றார். முகம் மாறியது - லாத்ரப்பின் முகம் மாறி நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு எல்லாக் கேள்வியும் இடத்தில் விழுந்தது.

இறங்கி வந்து கேட்டார். "போன்ல என்னமோ கேக்குதே தம்பி?"

"லைன் இரைச்சல் சார்."

"லைன் கடுகு சாப்பிட்டிருக்கு போல. அப்பப்ப ஏப்பம் விடுது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தெரிந்துவிட்டதா? தெரியவில்லை. நாளைக்கு என்ன ஆனாலும் கம்பியைக் கழற்றுவதாக இல்லை.

நவம்பர் 6. வியாழன்

எழுதிவிடுகிறேன், மறப்பதற்கு முன்.

அரங்கு நிறைந்திருந்தது. சோப்புத்தூள்காரர்கள் முன்வரிசையில். பிளெட்சோ கண்ணாடி அறையில் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். அவர் மூச்சு என் கழுத்தில் பட்டது. இந்த வேலையில் எல்லாம் மூச்சுதான் போல.

மணி அடித்தது. லாத்ரப் எடுத்தார், காதுக்குப் பின்னால் வைத்தார்.

கூட்டம் சிரித்தது.

எழுதப்படாத சிரிப்பு. அவ்வளவு கம்பீரமான மனிதர், அவ்வளவு பெரிய கோட்டு, போனைப் பிடரியில் வைத்துக்கொண்டு விறைப்பாக நிற்கிறார். ஒருவன் ஆரம்பித்தான், வரிசை வரிசையாகப் பரவியது. இருபது வருடத்துக்கு மேல் அடுத்தவருக்குச் சிரிப்பு வாங்கிக் கொடுத்தவர். தனக்கென்று வந்தபோது அது கேட்கவில்லை. டூபினின் மூச்சு ஏன் இன்னும் வரவில்லை என்று புரியாமல் நின்றார். கண் டூபின் பக்கம் ஓடியது. வாய் திறக்கப் போகிறது. மிதிக்கப் போகிறார். என் கை மேசை மேல் இருந்தது, செய்வதற்கு ஒன்றும் இல்லை.

அப்போது டூபின், உதடு அசையாமல், போனுக்குள் சொன்னார்:

"இரு எம்மெட். உனக்குத்தான் சிரிக்கிறாங்க."

மேலே தொங்கும் மைக் அதைப் பிடிக்கவில்லை. வீட்டில் யாருக்கும் கேட்டிருக்காது. அந்தக் கம்பியில் போனது, லாத்ரப்பின் எலும்புக்கும் என் ஹெட்போனுக்கும் மட்டும்.

லாத்ரப் பொறுத்திருந்தார். சிரிப்பு உச்சிக்குப் போயிற்று. போனை மெதுவாக எடுத்துப் பார்த்தார், மறுபடி அதே இடத்தில் வைத்தார். இன்னொரு சிரிப்பு, இன்னும் பெரிதாக. டூபின் காத்திருந்தார். பிறகு மூச்சு வந்தது. லாத்ரப் கேட்டார்: "ஹலோ, யார் பேசறது?" சரியான இடத்தில். மில்லிமீட்டர் பிசகாமல்.

மீதி நாடகத்தைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. எல்லாம் விழுந்தது.

"நெட்டையனுக்கும் சிரிக்கிறாங்கப்பா" என்றார் பிளெட்சோ, எனக்குப் பின்னால்.

முடிந்து, கூட்டம் கலைந்து, பெரிய விளக்குகளை அணைத்தார்கள். கம்பி கழற்ற மேடைக்கு இறங்கினேன். இரண்டு பேரும் நகரவில்லை. இந்தக் கோடியில் லாத்ரப், அந்தக் கோடியில் டூபின், கையில் போன். டூபின் குனிந்து ஏதோ பேசிக்கொண்டிருந்தார். கேட்கவில்லை. ஹெட்போனை மேலேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தேன்.

காது கேட்காதவர்களுக்குத் தங்கள் குரல் எவ்வளவு பெரிது என்று தெரிவதில்லை. லாத்ரப் சொன்னது மேடை முழுக்கக் கேட்டது.

"அந்தப் படம் நல்லாவே இல்ல, சோல். ரெண்டு தடவை போய்ப் பாத்தேன்."

டூபினின் தோள் குலுங்கியது. சிரிப்பா வேறு எதாவதா, பின்னாலிருந்து தெரியவில்லை.

மேடை ஆட்கள் சுவர்த் தட்டிகளைத் தூக்க வந்தார்கள். "கொஞ்சம் இருங்க" என்றேன். "எவ்ளோ நேரம்டா?" என்றான் ஒருவன். தெரியாது என்றேன். என் கை பிளக்கில் இருந்தது. உருவவில்லை. ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்தேன். எனக்குக் காத்திருப்பது பிடிக்காது. காத்திருந்தேன்.

நவம்பர் 12. புதன்

இரண்டு பேரும் நடைவழியில் சண்டை போட்டுக்கொண்டார்கள், ரெண்டாவது கேள்வி பற்றி. நேருக்கு நேர். ஒருவருக்குக் காது கேட்காததால் மற்றவர் கத்துகிறார். கட்டடமே கேட்கிறது. "பழைய மாதிரியே நல்லா இருந்துச்சு" என்கிறாள் ஐரின்.

டிசம்பர் 11. வியாழன்

ஒப்பந்தம் இரண்டு பேருக்கும் சேர்த்தே வந்துவிட்டது. லாத்ரப்பின் பெயர் முன்னால், வழக்கம் போல.

இந்த வாரம் தொப்பிக் கடை நாடகம். லாத்ரப் கடைக்காரர். டூபினின் காலரைப் பிடித்து, கண்ணாடி முன்னால் நிறுத்தி, ஒவ்வொரு தொப்பியாக வைத்தார். ஒத்திகையில் பிளெட்சோவின் புது உதவியாளன் என் தோளைத் தட்டினான். என்னைப் போலவே படித்துவிட்டு வந்தவன். காதுகூட நல்ல காது.

"அது என்ன சத்தம்? எலி மாதிரி? கோட்டா?"

"ஆமா."

"எடுக்க முடியாதா?"

இப்போது வந்திருக்கிற புது மைக்கில் எடுக்கலாம். அரை நாள் வேலை.

"முடியாது" என்றேன்.